பூட்டிய மண்

சூசை சித்தப்பா குழியிலிருந்து ஏறி வந்து, கல்லறைத் தோட்டத்து வேலியைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார்.

மிக்கேல்குளத்தில் யார் செத்தாலும் குழி வெட்டுகிறவர் அவர்தான். எலும்பைக் கண்டு முகம் சுளிக்கிற ஆள் இல்லை. மண்டையோட்டைக் கையில் எடுத்து மண்ணைத் தட்டிவிட்டு, "யாரு, நம்ம பாக்கியமா? பல்லு இன்னும் முழுசா இருக்கு பாரு" என்று பழைய சிநேகிதரைப் பார்த்தது மாதிரிப் பேசுவார். அப்படிப்பட்ட மனுஷன் குடலே வெளியே வருகிற மாதிரி ஓங்கரித்துக்கொண்டிருந்தார். அவருக்குக் காப்பித்தண்ணி கொண்டுவந்த இருதயமேரி தூக்குவாளியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

"கிட்ட வராத தாயி" என்றார், வாயைத் துடைத்துக்கொண்டே.

"என்ன சித்தப்பா? பாம்பு கீம்பு கிடக்கா?"

"உங்கய்யா."

"அய்யாதான இருப்பாரு? அவரு குழிதான அது?"

"எலும்பா இல்லத்தா. உங்கய்யாவாவே இருக்காரு."

அந்த ஊரில் புருஷனுக்கும் பெண்டாட்டிக்கும் ஒரே குழி. முதலில் போனவரின் குழியைப் பத்து வருஷத்துக்குத் தொட மாட்டார்கள். அதற்குள் மண் தன் வேலையை முடித்திருக்கும். பிறகு எலும்புகளைப் பொறுக்கி, வெள்ளைத் துணியில் முடிந்து, அடுத்துப் போகிறவரின் கால்மாட்டில் வைப்பார்கள். மேரியின் ஆத்தா அந்தோணியம்மாள் அந்தத் துணியைத் தானே வாங்கிக் கஞ்சி போகத் துவைத்து, டிரங்குப் பெட்டியில் வைத்திருந்தாள். "உங்கய்யா உசரமான ஆளுடி. ரெண்டு முழம் பத்தாது, நாலு முழமா வாங்கியிருக்கேன். முடிச்சு அவுந்து போகாமக் கட்டச் சொல்லு" என்பாள். அவள் இப்போது வீட்டு வாசலில் ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்தாள். சாயங்காலம் அடக்கம்.

மேரி தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டுக் குழியை எட்டிப் பார்த்தாள்.

பெட்டி பெட்டியாகவே இருந்தது. வார்னிஷ்கூட மங்கவில்லை. சூசை சித்தப்பாவின் கடப்பாரை பட்டு மூடி உடைந்திருந்த இடத்தில் அய்யாவின் முகம் தெரிந்தது. முகம் என்று சொல்ல வேண்டியதுதான். புதைத்த நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ ஒரு மனுஷன் எப்படி இருப்பான் என்பதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்கக் கூடாது என்பதற்குத்தானே மண்ணைப் போட்டு மூடுவது! பதினோரு வருஷம் முன்னால் புதைத்த மனுஷன் அந்த ஐந்தாம் நாளிலேயே நின்றிருந்தார். அழுகத் தொடங்கி, பாதியில் நிறுத்தப்பட்டு, முழுதாக இருக்கவும் இல்லாமல் முழுதாகப் போகவும் முடியாமல் கிடந்தார். கழுத்தில் சம்பங்கி மாலை கருத்து ஊறியிருந்ததே தவிர, ஒரு இதழ் உதிரவில்லை. நாற்றமும் இல்லை. ரொம்ப நாள் பூட்டிக் கிடந்த பிரிட்ஜைத் திறந்தால் வருமே, அந்த ஈர வாடை மட்டும்தான்.

மேரிக்குக் குமட்டியது. பெற்ற தகப்பனைப் பார்த்துக் குமட்டுகிறதே என்று தன்மேலேயே அதைவிட அருவருப்பாக இருந்தது. பின்னால் நகர்ந்து போய் மண் குவியலில் உட்கார்ந்துவிட்டாள்.

காரணம் அவளுக்குத் தெரியாமல் இல்லை. ஊரில் எல்லோருக்கும் தெரியும். பூட்டு மருந்து.

வெயில் மனுஷனைத் தின்ன ஆரம்பித்த காலத்தில், ஒரே கோடையில் இந்தச் சின்ன ஊரில் ஐந்து பேர் வயலிலேயே சுருண்டு விழுந்து செத்த பிறகு, பசுங்காப்பு நிறுவனத்தார் வந்தார்கள். வயல் மண்ணில் கரியைச் சேர்த்துப் பூட்டிவைத்தால் வெயில் ஏறுவது நிற்கும் என்றார்கள். உலகத்தில் பாதி வயல்களில் தெளித்தாயிற்று என்றார்கள். ஊர் கைநாட்டு வைத்தது. அப்போது ஊர்த்தலைவராக இருந்தவர் மேரியின் அய்யாதான். வயலோடு நிற்காமல் கல்லறைத் தோட்டத்தையும் காட்டி, "இதையும் சேத்துக்கங்க. சும்மா கிடக்குற இடம்தான" என்றார். அடுத்த மாசமே அந்தச் சும்மா கிடக்கிற இடத்துக்கு அவரே போய்ச் சேர்ந்தார்.

முதலில் ஊருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஈ இல்லை, கொசு இல்லை, எங்கேயும் நாற்றம் இல்லை. வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு நாறாத ஊர் என்று மெச்சினார்கள். அப்புறம்தான் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. போன வருஷத்து வைக்கோலும் அதற்கு முந்தின வருஷத்து வைக்கோலும் வயலில் அப்படியே கிடந்தன. ஆட்டுப் புழுக்கை மழையில் கழுவிக் கழுவி மினுங்கியது. மேரி வரப்போரம் புதைத்த நாய்க்குட்டி ஒரு மழைக்குப் பிறகு வெளியே வந்து, கண்ணை மூடிக்கொண்டு தூங்குகிற மாதிரிக் கிடந்தது. பயிருக்கு வேண்டிய சத்து நிறுவனத்தின் குழாயில் வந்தது. கத்திரிக்காய் காய்த்தது, விற்றது. பெருக்காத வீட்டுக்குள் குடித்தனம் நடத்துகிற மாதிரி அந்த மண்ணில் விவசாயம் நடந்தது. கால் வைக்கும்போதெல்லாம் மேரிக்கு உள்ளங்கால் கூசும்.

தோட்டத்து மூலைக் கம்பத்தில் பச்சை விளக்கு மஞ்சளாக மாறியிருந்தது. பூட்டிய மண்ணை ஆழத் தோண்டினால் அப்படித்தான் மாறும். விளக்கைப் பார்த்தே நிறுவனத்து மண் அதிகாரி வந்துவிட்டான். பார்கவன் என்று பெயர். முப்பத்தைந்து வயசுக்குள் இருக்கும். அதற்குள் சேதி பரவி, பங்குச் சாமியார் அமலதாசும் ஊர் ஜனமும் கூடிவிட்டார்கள்.

பார்கவன் குழிக்குள் ஒரே ஒருமுறை பார்த்தான். பிறகு அந்தப் பக்கம் முகத்தையே திருப்பவில்லை.

"பயப்படாதீங்கம்மா. தப்பு எதுவும் நடக்கல. மருந்து சரியா வேலை செஞ்சிருக்கு, அவ்வளவுதான்."

"இதா சார் சரி?"

"மண்ணு மூச்சு விடும்மா. தழை, சாணி, எது விழுந்தாலும் கண்ணுக்குத் தெரியாத உயிருங்க அதைத் தின்னு, அதுல இருக்கற கரியை மூச்சா வெளிய விட்டுரும். வெயில் ஏற ஏற மூச்சு வேகமாகும். அந்த மூச்சால இன்னும் வெயில் ஏறும். அதனால அதுங்களையெல்லாம் தூங்க வெச்சிருக்கோம். இந்தப் பத்து வருஷமா வெயில் ஏறாம நிக்குதுன்னா அதனாலதான்."

அது பொய்யில்லை என்று மேரிக்குத் தெரியும். இப்போதெல்லாம் மத்தியானச் சங்கு ஊதினால் ஊர் வீட்டுக்குள் அடங்கிவிடுகிறது, சாயங்காலம் நாலு மணிச் சங்குக்கு வெளியே வருகிறது. யாரும் சுருண்டு விழுவதில்லை.

"அதுங்க தூங்கினா எங்கய்யா எப்படி சார் தூங்குவாரு?"

அவன் கம்பத்து விளக்கைப் பார்த்தான்.

"இன்னும் எத்தன நாளைக்கு இப்படியே கிடப்பாரு?"

"ஒப்பந்தம் நூறு வருஷத்துக்கும்மா."

கூட்டத்துக்குள் நின்ற லூர்துமேரி, "அப்ப எங்க செல்வியும்...?" என்று கேட்டாள். ஆறு வருஷம் முன்னால் காய்ச்சலில் போன அவள் மகள் மூன்று கல்லறை தள்ளிக் கிடந்தாள். யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் மகளின் கல்லறைக்குப் போய், சிமெண்டுச் சிலுவையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அதன் பிறகு கூட்டம் முழுவதும் சுற்றுமுற்றும் பார்க்க ஆரம்பித்தது. பதினோரு வருஷமாக அங்கே புதைத்தவர்கள் எல்லோருமே காலுக்கடியில் அந்த ஐந்தாம் நாளிலேயே கிடக்கிறார்கள். ரெண்டு பேர் சட்டென்று கல்லறைகளுக்கு நடுவிலிருந்து பாதைக்கு வந்து நின்றுகொண்டார்கள்.

"எங்காத்தாவ எரிச்சிருறேன்" என்றாள் மேரி.

"எரிக்க அனுமதி இல்லம்மா. புகை போகும். பக்கத்து ஊர்ச் சுடுகாட்டையே மூடிட்டாங்களே, அவங்களும் இப்ப புதைக்கத்தான செய்யறாங்க? எங்க வீட்டுக்கே அனுமதி கிடைக்கல." கடைசியைக் கொஞ்சம் வேகமாகச் சொன்னான். மேரி அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"வேற ஊர் மண்ணு?"

"எந்த ஊர் வயலும் பூட்டுதான்."

"வெளிய இருந்து கொஞ்சம் சாணி கீணி கொண்டாந்து போட்டா?"

"அதுக்குத்தானம்மா ரோட்டுல செக்போஸ்ட்." அவன் நிதானமாக, சின்னப் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரிச் சொன்னான். "அழுகல் ஒரு தொத்து மாதிரி. வெளியிலேர்ந்து புழுவும் பூச்சியுமா உயிரோட ஒரு வண்டிக் குப்பை வந்து, இந்த ஆழத்துக்கு இறங்கினா, தூங்கறதெல்லாம் முழிச்சுக்கும். மேலாகத் தூவினா ஒண்ணும் ஆகாது. இந்த ஆழத்துல விழணும். ஈரமா இருக்கணும். அப்படி ஆச்சுன்னா பூட்டு உடைஞ்சு, பக்கத்து மண்ணுக்கும் பரவிரும்."

பிறகு நீளமான ஒரு குழாயைக் குழிக்குள் விட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டே, பெட்டிக்குள்ளிருந்து துளி எடுத்தான். கையிலிருந்த கருவி ஏதோ எண் காட்டியது.

"அப்படியே இருக்கு. கொஞ்சங்கூடக் குறையல" என்றான்.

அவன் அதைச் சந்தோஷமாகச் சொல்கிறான் என்றுதான் மேரி எடுத்துக்கொண்டாள். செத்த மனுஷனைக் குத்திப் பார்த்துக் குறையவில்லை என்கிறானே, இவனும் ஒரு தாய் வயிற்றில்தான் பிறந்தானா! காறித் துப்ப வேண்டும்போல வந்ததைச் சாமியார் முன்னால் என்பதால் விழுங்கிக்கொண்டாள்.

"குழியை மூடிரலாம் மேரி" என்றார் சாமியார். "சார் சொல்ற இடத்துல அம்மாவுக்குப் புதுக் குழி வெட்டுவோம். ஆன்மாதான் முக்கியம். உடம்புல என்ன இருக்கு?"

"உடம்புல என்ன இருக்குன்னு குனிஞ்சு பாருங்க சாமி" என்றாள் அவள். சாமியார் பார்க்கவில்லை.

வீட்டுக்குப் போனதும் மேரி ஐஸ் பெட்டியின் கண்ணாடி வழியாக ஆத்தாவைப் பார்த்தாள். காதில் பஞ்சு, தாடையில் கட்டு. உயிரோடிருந்தபோது தலையில் எண்ணெய் இல்லாமல் வாசலுக்கு வராதவள். இந்த முகம் அந்தக் குழியில் இருந்த முகமாகி நூறு வருஷத்துக்கு நிற்கப்போகிறது. பேரன் பேத்தி எவனாவது ஒருநாள் தோண்டிப் பார்த்து வேலியோரம் போய் வாந்தி எடுப்பான்.

மத்தியானச் சங்கு ஊதியது. ஊர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டது. மேரி தலையில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு, கத்திரிக்காய் ஏற்றிப்போகிற தன் குட்டியானை வண்டியைக் கிளப்பினாள்.

டவுன் எல்லையில் குப்பைமேடு. வயல் இல்லை என்பதால் அங்கே யாரும் மருந்து தெளிக்கவில்லை. மார்க்கெட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த இடம் வந்தால் முந்தானையால் மூக்கை இறுக்கிக்கொண்டு வண்டியை விரட்டுவாள். அன்றைக்கு அங்கேயே நிறுத்தி இறங்கினாள். அழுகிய தக்காளி, முட்டைக்கோஸ் இலை, மீன் செதில், கோழிக்கடைக் கழிவு எல்லாம் சேர்ந்து கருப்பாகக் கொதித்துக்கொண்டிருந்தது. மண்வெட்டியை விட்டதும் வெள்ளை வெள்ளையாகப் புழு நெளிந்தது. நாற்றம் நெற்றிப்பொட்டில் அடித்தது. அவளும் ஓங்கரித்தாள், கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனாலும் மூக்கிலிருந்து முந்தானையை எடுத்துவிட்டாள். இங்கே எல்லாம் போய்க்கொண்டே இருக்கிறது என்று நினைத்தபோது அந்த நாற்றம் பொறுத்துக்கொள்ளக்கூடியதாக இருந்தது. மண்வெட்டிக்கு வழுக்கியதைக் கையால் அள்ளிப் போட்டாள். வண்டி நிறைந்ததும் தார்ப்பாய் போர்த்திக் கட்டினாள். செக்போஸ்ட்காரன் அந்த வெயிலில் ஏசி அறைக்குள் சுருண்டிருந்தான். குறுக்குக் கம்பியைத் தானே தூக்கிவிட்டு வந்துவிட்டாள்.

நாலு மணிச் சங்குக்குப் பிறகு ஆத்தாவின் பெட்டியோடு கல்லறைத் தோட்டத்துக்கு வந்த ஊர், மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றது. பதினோரு வருஷமாக நாறாத ஊர் அது. பிள்ளைகளுக்கு அது என்னவென்றே தெரியவில்லை. ரெண்டு பிள்ளைகள் பயந்து அழுதன. பார்கவன் காலையிலேயே போயிருந்தான், குழியை இன்னும் யாரும் மூடவில்லை. அதற்குப் பக்கத்தில் குட்டியானை நின்றது. மேரி முழங்கை வரைக்கும் கருப்பாக நின்றாள்.

"உனக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா மேரி?" சூசை சித்தப்பாவே கத்திவிட்டார். "உன்னைப் பெத்தவன் தலையில குப்பையக் கொட்டப்போறியா?"

"மேரி, இது செபம் பண்ணி மந்திரிச்ச மண்ணு" என்றார் சாமியார்.

"மந்திரிச்ச மண்ணு திங்க மாட்டேங்குது சாமி. இது திங்கும்." அவள் தார்ப்பாயை விலக்கிக் காட்டினாள். "வருசா வருசம் சாம்பல் புதனுக்கு எங்க நெத்தியில சாம்பலப் பூசி, மண்ணா இருக்க, மண்ணாவே திரும்பிப் போவேன்னு சொல்றீங்களே? பொய்யா அது? பொய்யின்னா இப்பவே சொல்லிருங்க, நான் வண்டியத் திருப்பிக்கிட்டுப் போயிருறேன்."

சாமியார் வண்டியை ஒருமுறை பார்த்தார். பிறகு மூக்கிலிருந்து கையை எடுத்து, தீர்த்தச் செம்பை வாங்கி, வண்டியிலிருந்த அழுகல் மேல் தெளித்தார்.

முடிந்து கட்ட எலும்பு இல்லாததால் மேரி அந்த நாலு முழத் துணியை அய்யாவின் முகத்தில் விரித்தாள். அதன்மேல்தான் முதல் மண்வெட்டிக் குப்பையைப் போட்டாள். போடும்போது, "மன்னிச்சிருங்கய்யா" என்று வாய்விட்டு அழுதாள். சூசை சித்தப்பா திட்டிக்கொண்டே இறங்கி இன்னொரு மண்வெட்டியை எடுத்துக்கொண்டார். ஆத்தாவைப் பெட்டியோடு இறக்க மேரி விடவில்லை. வெறும் சேலையோடு, அந்தக் கருப்புச் சேற்றின் மேலேயே படுக்க வைத்தார்கள். எண்ணெய் இல்லாமல் வாசலுக்கு வராத மனுஷி. பார்க்கச் சகிக்காமல் பாதிப் பேர் திரும்பிக்கொண்டார்கள். மிச்சக் குப்பையைப் போட்டு, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, மண்ணைத் தள்ளி மூடினார்கள்.

அந்த வாரக் கடைசியில் ஊருக்குள் ஈ வந்தது. அப்புறம் குழியிலிருந்து வீச்சம் கிளம்பியது. காற்று திரும்பும்போதெல்லாம் தெருவில் சோறு தின்ன முடியவில்லை. மேரியை வழியில் பார்த்தவர்கள் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். சிலர் வீட்டு வாசலில் நின்று கேட்கிற மாதிரியே திட்டினார்கள். லூர்துமேரி மட்டும் தினமும் சாயங்காலம் கல்லறைத் தோட்டத்துக்கு வந்து, மேரி குழியோரத்து மண்ணை அள்ளிச் செல்வியின் கல்லறையைச் சுற்றி ஆழமாகத் தோண்டிப் போடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். மழை பெய்து ஓய்ந்த ஒருநாள், ஆத்தாவின் தலைமாட்டில் மண் குழிந்து இறங்கியிருந்தது. கீழே இருந்தவை கரைந்து இடம் விட ஆரம்பித்துவிட்டன. அன்றைக்கே கம்பத்து விளக்கு சிவப்பானது.

மறுநாள் காலையில் பார்கவன் வந்தான். கூட யாரும் வரவில்லை, கையில் கருவியும் இல்லை. கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு குழிந்த மண்ணையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"போலீசு பின்னால வருதா சார்?" என்றாள் மேரி. "வரட்டும். நான் எங்கயும் ஓடிர மாட்டேன்."

"இன்னும் மேலிடத்துக்கு எழுதி அனுப்பல." சிவப்பு விளக்கை அவன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "எவ்வளவு நாள்ல ஈ வந்துச்சு?"

"அந்த வாரமே."

தலையை ஆட்டினான். வண்டிக்குப் போய், பின்கதவைத் திறந்து, ஒரு பிளாஸ்டிக் வாளியோடு திரும்பி வந்தான். புது வாளி, விலைச்சீட்டுக்கூடக் கிழிக்கவில்லை.

"ஒரு வாளி மண்ணு கிடைக்குமாம்மா?"

மேரிக்குப் புரியவில்லை. "எதுக்கு? சோதனைக்கா?"

"என் பொண்டாட்டிக்கு." கைக்குட்டைக்குள்ளிருந்து குரல் சரியாக வரவில்லை. "போன வருஷம் போயிட்டா. எங்க பக்கம் எரிக்கறதுதான் வழக்கம். அனுமதி தரல. எங்க ஊர் வயலோரம்தான் புதைச்சோம்."

குழிக்குள் ஒரே ஒருமுறை பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டே குழாயை விட்டது, கேட்காததையும் நிறுத்தி நிதானமாகச் சொன்னது எல்லாம் மேரிக்கு இப்போது ஞாபகம் வந்தது. ஆனால் மனசு இளகவில்லை, அருவருப்புதான் கூடியது.

"அப்ப உள்ள எப்படி இருப்பாகன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சும் எங்க ஊரு பிள்ளைங்களையெல்லாம் இதுல புதைக்க விட்டீங்க."

"ஆமா."

"இப்ப உங்க ஆளுக்குன்னதும் வாளியத் தூக்கிக்கிட்டு வந்துட்டீங்க."

"ஆமாம்மா" என்றான். இந்த மண் விடுகிற மூச்சில் வெயில் எவ்வளவு கூடும் என்று அவன் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

மேரி பக்கத்தில் திரும்பிக் காறித் துப்பினாள். அன்றைக்கு விழுங்கியது இன்றைக்குத்தான் வெளியே வந்தது. பிறகு மண்டி போட்டு, குழியோரத்துக் கருப்பு மண்ணை இரண்டு கையாலும் அள்ளி வாளியில் போட்டாள். வாளி நிறைந்ததும், "ஆழமாத் தோண்டணும் தம்பி" என்றாள். அதுவரை அவனை அவள் தம்பி என்று கூப்பிட்டதில்லை. "முகத்துல மட்டும் ஒரு துணியப் போட்டுருங்க. பாக்காதீங்க."

அவன் வாளியைத் தூக்கியபோது விளிம்பிலிருந்து ஒரு புழு நழுவித் தரையில் விழுந்தது. பார்கவன் வாளியைக் கீழே வைத்தான். மூக்கிலிருந்த கைக்குட்டையை எடுத்துப் பாக்கெட்டில் செருகிவிட்டுக் குனிந்தான். நெளிந்துகொண்டிருந்த அதை விரலால் எடுத்து, நசுங்காமல் வாளிக்குள் விட்டு, மேலே கொஞ்சம் மண்ணைத் தள்ளி மூடினான்.